மீட்டெடுத்த முரசு

ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில் ஒரு பழைய ஹொலிவூட் ராசா படம் போட்டார்கள். தேய்ந்துபோயிருந்த அதன் இசையை மீட்டெடுத்து, படம் ஓட ஓட ஓர்க்கெஸ்ட்ரா ஒன்று மேடையிலேயே வாசித்தது. சண்டைக்கு முன்பு யாழ்ப்பாணத்தில் பார்த்த படமென்று என் அண்ணை ஆசையோடு வந்தார்.

"இப்ப படை வரும், பாரடா," என்று சிரித்தவர், முரசுகள் இடித்ததும் கதிரைக்கடியில் விழுந்து என் காலை இழுத்தார். "ஷெல்லடிக்கிறாங்கள், பங்கருக்குள்ள வாடா!"

"எழும்புங்கோ அண்ணை, சனம் பாக்குது."

பக்கத்திலிருந்த வயதான ஜேர்மன்காரி முழங்காலைப் பிடித்தபடி மெல்ல நிலத்தில் இறங்கி, தன் கோட்டால் அண்ணையின் தலையை மூடினார்.

"சின்னவயதில், உலகப்போரில் குண்டு விழும்போது நானும் நிலவறைக்குள் இப்படித்தான் கிடந்தேன்," என்றார்.

திரையில் ராசா வென்றார். சனம் கைதட்டியது. அவர்கள் இருவரும் கீழேயே இருந்தார்கள்.

"அப்ப பாத்த படத்தில இந்தச் சத்தம் இல்லையடா," என்றார் அண்ணை, வீட்டுக்கு வரும் வழியில்.

நான் கதிரையை விட்டு இறங்கவேயில்லை. அதுதான் இன்றைக்கும் என்னை அரிக்கிறது.