முருகேசன் சொன்னதும் நான் சொல்லாததும்

ஒரு சட்டத்தைக் கெடுத்தவள் நான். கை உயர்த்திய உறுப்பினர் எவரும் அல்லர். தமிழ்ச் சாட்சியை மலையாளத்தில் மொழிபெயர்க்க அமர்த்தப்பட்ட நான்தான்.

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம். கேட்டால் போதும்.

ஆற்றுப் பாதுகாப்பு மசோதாவை ஆராயச் சட்டசபைக் குழு அமர்ந்திருந்தது. ஆறு மாசுபட்டால் புகார் தரும் உரிமை கரையில் நிலம் உள்ளவருக்கு மட்டுமா, வாடகைக்கு இருப்பவருக்கும் உண்டா என்பதே அன்றைய கேள்வி. சாட்சி சொல்ல வந்தவர் முருகேசன். திருநெல்வேலிக்காரர், கட்டட வேலை, கரமனை ஆற்றோரம் வாடகை வீடு. மலையாளம் அரைகுறை. ஆற்றின் அழுக்கு ஊறிய கிணற்றுத் தண்ணீரில் குளித்து அவர் மகளுக்குக் கையெல்லாம் புண்.

"ஆபீசுல புகார் குடுக்கப் போனேன் மேடம். வாடகைக்கு இருக்க பாண்டிக்கு ஏதுடா ஆறுன்னு வெரட்டிட்டான்" என்று கத்தினார்.

பாண்டி... தமிழரை இளக்காரமாக அழைக்கும் சொல், பள்ளியில் என்னைக் கூனிக் குறுக வைத்த சொல். வீட்டில் தமிழ் பேசுகிறவள் என்று தெரிந்தால் போதும், பின் பெஞ்சிலிருந்து வரும். அதை அத்தனை பேர் முன்னால் என் வாயால் சொல்வதா? நாக்கு கூசியது. ஆற்று நீர் அசுத்தமாயிருக்கிறது, அரசு கவனிக்க வேண்டும் என்கிறார் என்று அழகான மலையாளத்தில் முடித்துக்கொண்டேன்.

தலைவர் கேட்டார்: "வாடகக்கார்க்கு வேறெ பராதி ஒந்நுமில்லல்லோ?"

வேறு புகார் இல்லை என்று நானே தலையாட்டினேன். முருகேசனிடம் கேட்கவே இல்லை! வாடகைக்காரரைச் சேர்க்கும் வரி மசோதாவிலிருந்து அடிக்கப்பட்டது. யாருடைய மானத்தைக் காப்பாற்றினேன்? என்னுடையதைத்தான்.

இப்போது அந்தச் சட்டத்தைத் திருத்த மீண்டும் குழு கூடுகிறது. தலைவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர், "அயாளெ விளிக்கூ. அயாள் தந்நெ பறயட்டே" என்றார். அவரை அழையுங்கள், அவரே சொல்லட்டும் என்று.

அடிக்கப்பட்ட வரி திரும்ப வரும். மனதார நம்புகிறேன். கேட்கத் தயாராகத்தான் அவர்கள் அன்றும் உட்கார்ந்திருந்தார்கள்... கேட்க விடாதவள் நான்.

முருகேசனைத் தேடிப் போனேன். மகள்தான் கதவைத் திறந்தாள். இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள்.

செய்தி கேட்டு அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இந்தத் தடவையும் நீங்களே எடுத்துச் சொல்லுங்க மேடம். போன தடவை நான் கத்துனதைக்கூட எவ்வளவு மரியாதையா சொன்னீங்க."

சரி என்றேன். இந்த முறை ஒரு சொல்லையும் விழுங்க மாட்டேன். ஆனால் போன முறை விழுங்கியதை... அவரிடம் இன்னும் சொல்லவில்லை.