ஒரு திர்ஹம் கயிறு

இது பட்டப்பகலில் நடந்தது. இரவாக இருந்திருந்தால் கண் ஏமாற்றியது என்று நானே விட்டிருப்பேன். ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை, அமீரகத்தின் அல் ஐன். கூட இருந்த இரண்டு பேரும் உயிரோடுதான் இருக்கிறார்கள். கேட்டுப் பார்க்கலாம். அதில் ஒருவர் பதில் சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

நான் அப்துல் ஹாதி. ஊர் கீழக்கரை. அஜ்மானில் ஒரு மொபைல் கடையில் வேலை. மொழிபெயர்ப்பு நாவல்கள் என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அப்போது படித்துக்கொண்டிருந்த நாவலில் மலைமேல் ஓர் இன்கா இடிபாடு வரும். கீழே சந்தை இரைச்சல், மேலே சுண்ணாம்பே இல்லாமல் அடுக்கிய கல். எனக்கெல்லாம் பெரு நாட்டுக்குப் போக எந்தக் காலத்தில் வசதி வரும்?

"அல் ஐன்லயும் சந்தை இருக்கு. அய்யாயிரம் வருஷத்துக் கல்லறை இருக்கு. வாங்களேன்" என்றார் நூஹு காக்கா. காயல்பட்டினத்துக்காரர்; எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். விடுமுறை நாட்களில் தன் காரில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக்காட்டுவார்.

என் ரூம்மேட் பழனிச்சாமி அண்ணனும் வந்தார். மணப்பாறைக்காரர், ஏசி டெக்னீஷியன். ஒன்பது நாளில் அவருக்கு ஊருக்கு டிக்கெட். மகளுக்கு மூன்று வயது. போனில் மட்டுமே பார்த்திருக்கிறார். "புள்ளைக்கு ஒட்டகத்தோட நான் நிக்கிற போட்டோ வேணுமாம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

காலை 9.20க்குச் சந்தைக்குள் நுழைந்தோம். ஒட்டகம், ஆடு, பச்சைப் புல்கட்டு வாசனை. போட்டோ எடுத்தாயிற்று. கடைசி வரிசையில் ஒரு பட்டி காலியாக இருந்தது. வாசலில் ஒரு கிழவர். மடியில் ஒரு கயிற்றுச் சுருள். அண்ணனைப் பார்த்ததும் சால்வையை விரித்து, அதற்குள் கையை நீட்டினார்.

அண்ணன் சிரித்துவிட்டார். "தம்பி, இது எங்க மாட்டுச் சந்தைப் பழக்கம்ல. எங்கய்யா தரகருடா. துண்டுக்குள்ளதான் விரலைப் புடிச்சு வெல பேசுவாரு."

"எதுக்கு வெலண்ணே? ஆடு மாடு எதுவும் இல்லையே."

"கயித்துக்குத்தான். வேற என்ன இருக்கு இங்க?"

சால்வைக்குள் கையை விட்டார். விளையாட்டாக ஒரே ஒரு விரலைப் பிடித்தார். ஒரு திர்ஹம். கிழவர் உடனே தலையாட்டினார். நாணயத்தை வாங்கினார். கயிற்றை இரண்டு கையாலும் கொடுத்தார்.

"மொத வெலைக்கே தலையாட்டுனா மாட்டுல ஏதோ கோளாறும்பாரு எங்கய்யா" என்றார் அண்ணன், திரும்பி நடந்தபடி.

மணி 9.47.

கயிற்றின் ஒரு முனையில் சுருக்கு. சுருட்டினாலும் அது மடங்கவில்லை. கழுத்தளவுக்கு விரிந்தே நின்றது. புதுக் கயிறு, விறைப்பு போலும் என்று நினைத்தேன். அது புதுக் கயிறு இல்லை.

காரில் நானும் அண்ணனும் பின்னால். அண்ணன் கயிற்றை முன்சீட்டில் போட்டார். கார் நகர்ந்ததும்... டிங். டிங். டிங். முன்சீட்டுக்கு பெல்ட் போடச் சொல்லும் சத்தம்.

"கயித்து வெயிட்டுக்கெல்லாம் இது கத்தாது. ஆள் உக்காந்தாத்தான் கத்தும்" என்றார் நூஹு காக்கா. கையை நீட்டி பெல்ட்டை மாட்டிவிட்டார். சத்தம் நின்றது.

11.50. ஜபல் ஹஃபீத் மலையடிவாரம். தேன்கூடு போலக் கல்லறைகள். நாவலில் வந்த அதே வெறுங்கல் அடுக்கு. எங்களைத் தவிர யாரும் இல்லை. குனிந்து போகிற அளவுக்கே வாசல்.

"ஒரே ஆளை வச்சதில்ல. ஒருத்தர் மேல ஒருத்தரா, தலைமுறை தலைமுறையா வச்சிருக்காங்க" என்றார் காக்கா.

அண்ணன் கயிற்றைத் தரையில் இழுத்தபடி நடந்தார். நான் பின்னால். சுருக்கு முனை மண்ணில் கோடு போட்டுக்கொண்டே வந்தது.

12.04. கோடு நின்றுவிட்டது.

சுருக்கு தரையில் இல்லை. என் இடுப்பு உயரத்தில் இருந்தது. வட்டமாக. காற்றில்.

"அண்ணே..."

அவர் திரும்பினார். கயிறு விறைத்தது. யாரோ வர மறுப்பது போல.

கல்லறைக்குள்ளிருந்து ஒரு சத்தம். மூச்சு... ஒன்றல்ல. பல.

அண்ணன் கயிற்றை விட்டார். ஓடினோம்.

12.09. கார் கிளம்பியது.

டிங்.

முன்சீட்டில் கயிறு.

வழியில் மணலில் வீசினோம். அறைக்கு வந்தபோது அண்ணனின் கட்டிலில் இருந்தது. அவர் அதைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். பிறகு சொன்னார்: "காசு குடுத்து வாங்குனதைத் தூக்கிப் போட முடியாது தம்பி. வித்தாத்தான் போவும். இதோட எம்புள்ளைகிட்ட எப்படிப் போவேன்?"

எட்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஒன்பதாம் நாள் ஷேவ் செய்து, புதுச் சட்டை போட்டிருந்தார். "கயிறு தொலைஞ்சிருச்சுடா" என்றார்.

கடையின் காரில் ஷார்ஜா ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். மதியம் 2.15. என் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. தோள் துண்டை எடுத்து எங்கள் கைகளின் மேல் போட்டார். அழுகிறார், மறைக்கிறார் என்று நினைத்தேன். என் ஒரு விரலை மட்டும் அழுத்தினார்.

"சரியா தம்பி?"

எதற்கென்று தெரியாமல் தலையாட்டினேன்.

"ஒரு திர்ஹம் இருந்தா குடு. டீ குடிச்சுக்கிறேன்."

கொடுத்தேன். கட்டிய பை ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினார். "அப்பறமாப் பிரிச்சுப் பாரு. மன்னிச்சிரு." திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

பையைப் பின்சீட்டில் போட்டேன். காரை எடுத்தேன்.

டிங். டிங். டிங்.

பக்கத்து சீட்டில் யாரும் இல்லை.

நூஹு காக்காவுக்குப் போன் செய்தேன். இரண்டு நாள் கழித்து, சந்தையில் விசாரித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"அந்தக் கிழவர் பன்னெண்டு வருஷமா ஊருக்கே போகலையாம். வர்ற இந்தியாக்காரங்ககிட்டல்லாம் சால்வைக்குள்ள கை நீட்டுவாராம். யாருக்கும் புரியலையாம். நாம போன மறுநாளே ஊருக்குக் கெளம்பிட்டாராம்."

"அந்த விரல் கணக்கு அவருக்கு எப்படித் தெரியும் காக்கா?"

"அவருக்கு முந்தி அங்க ஆடு பார்த்தவன் தமிழனாம்... அவன்தான் சொல்லிக்கொடுத்தானாம்."

பழனிச்சாமி அண்ணன் என் அழைப்பை எடுப்பதில்லை. அவர் வாட்ஸ்அப் படத்தில் மகள் தோளில் உட்கார்ந்திருக்கிறாள். இருவரும் சிரிக்கிறார்கள்.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி என் மனைவி ஃபஸ்னா வருகிறாள். விசா அடித்தாயிற்று. ஏர்போர்ட்டிலிருந்து என் பக்கத்து சீட்டில்தான் அவள் உட்கார வேண்டும்.

துண்டுக்குள் விலை பேசத் தெரிந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.