மூதூருக்குப் போகாத சீடி

பாலையூற்றுப் புஸ்பராணி துறைமுகக் கந்தோரொன்றில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள். சுனாமிக்குப் பிறகு ஒரு நிவாரண அமைப்பில் சேர்ந்தாள். நன்கொடையாக வந்திறங்கும் கணினிகளைப் பள்ளிக்கூடங்களுக்கு ஆயத்தப்படுத்துவது அவள் பொறுப்பு. அவற்றில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைத்தான் பதிந்தாள். உரிமத்துக்குக் காசு கட்டத் தேவையில்லை, ஒரு சீடி இருந்தால் எத்தனை கணினியிலும் பதியலாம்.

அந்தச் சீடியை உருவாக்கிய வெளிநாட்டுத் தொண்டர்கள் வருஷத்துக்கு ஒருமுறைதான் அதைப் புதுப்பித்தார்கள். இடையில் வரும் திருத்தங்களை இணையத்தில் இறக்கிக்கொள்ள வேண்டும். தொலைபேசிக் கம்பியே ஒழுங்காக இல்லாத ஊர்களில் அது நடக்கிற காரியமா? ஆகவே திருத்தங்களையெல்லாம் சேர்த்துப் புஸ்பராணியே இடைக்கிடை புதுச் சீடி செய்து கொடுத்தாள். ஒருமுறை அவசரமாகச் செய்த சீடி, கப்பல்துறை என்ற ஊரில் ஒரு வாசிகசாலைக் கணினியில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டது. பிள்ளைகள் எழுதி வைத்திருந்த கட்டுரைகளும் போயின. அன்றோடு தானே சீடி செய்வதை விட்டாள்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டின் தொடக்கத்தில் மூதூரிலிருந்து லோஞ்ச் படகில் ஸுல்பிகா டீச்சர் வந்தாள். அவளது பள்ளிக்கூடத்துக்குப் புத்தம்புதுக் கணினிகள் கிடைத்திருந்தன.

“சீடியப் போட்டா, பதியிறதுக்கு டிஸ்க்கே இல்லையெண்டு சொல்லுது அக்கா.”

புஸ்பராணிக்கு உடனே விளங்கிவிட்டது. கணினிக்குள் இருந்த டிஸ்க், அதாவது வன்தட்டு, சீடி வெளியான பிறகு சந்தைக்கு வந்த வகை. பழைய சீடிக்கு அதை அடையாளம் தெரியாது. திருத்தம் வந்திருந்தது. ஆனால் பதியாத கணினிக்குள் திருத்தத்தை எப்படி இறக்குவது? சீடியையே புதுப்பித்தால்தான் உண்டு.

“வருஷக் கடைசியில அவங்கட புதுச் சீடி வந்திடும். பொறுங்கோ டீச்சர்.”

“முந்திச் செய்த மாதிரி நீங்களே ஒண்டு செய்து தர ஏலாதா?”

“செய்யலாம். பிழைச்சால் ஆர் பொறுப்பு?”

ஸுல்பிகா வாதாடவில்லை. சித்திரை கழிந்து மறுபடியும் வந்தாள்.

“பிழைச்சாப் பிழைக்கட்டும் அக்கா. புது மெஷின்தானே, அழியிறதுக்கு அதுக்குள்ள என்ன கிடக்கு?”

“பாப்பம்” என்றாள் புஸ்பராணி. உண்மையிலேயே செய்யவும் செய்தாள். ஒரு கணினியில் சரியாகப் பதிந்தது. இன்னும் இரண்டில் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்பலாமென்று அலுமாரியில் வைத்தாள். வேலைக்கு மேல் வேலை வந்தது. பார்ப்பதும் தள்ளிக்கொண்டே போனது.

ஆகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டது. லோஞ்ச் நின்றது. சனம் உடுத்த உடுப்போடு கந்தளாய்க்கு நடந்தது. நிவாரணச் சாமான்களோடு அங்கே போனபோது, முகாமில் தண்ணீர் பவுசர் லொறிக்கு முன்னால் வாளியோடு நின்ற ஸுல்பிகாவைப் புஸ்பராணி கண்டாள்.

“பள்ளிக்கூடம் எப்பிடி டீச்சர்?”

“ஷெல் விழுந்திட்டு. கொம்பியூட்டர் அறைதான் போச்சு. சீடி போட்டுப் பாத்த ஒண்டத் தவிர மத்தப் பெட்டியளக் கூடப் பிரிக்கல்ல.” வாளியைக் கைமாற்றிக்கொண்டாள். “சீடி வந்திருந்தா ரெண்டு மாசமாவது புள்ளைகள் தொட்டுப் பாத்திருப்பாங்க.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் புஸ்பராணி மன்னிப்பாவது கேட்டிருப்பாள். அலுமாரியில் கிடந்த சீடியைப் பற்றி வாய் திறக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வெளிநாட்டுச் சீடி மார்கழியில் வந்தது. புது டிஸ்க்குகளை அது தடையில்லாமல் கண்டுபிடித்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அதைப் புதுப்பிக்கச் சொல்லி புஸ்பராணி அந்தத் தொண்டர்களுக்கு எழுதினாள். ஒவ்வொரு சீடியையும் சோதித்துப் பார்க்க ஆள் போதாது, பிழைத்தால் பலருக்கும் கஷ்டம் என்று ஒருவர் பணிவாகப் பதில் போட்டார். அவரோடு அவளால் கோபிக்க முடியவில்லை.

அதன்பிறகு திருத்தம் வரவரச் சீடி செய்து, முழுதாகச் சோதிக்கவில்லை என்று மேலே எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். மூதூருக்கும் பழைய கணினிகள் சில போயின. அதற்குள் ஸுல்பிகா கிண்ணியாவுக்கு மாற்றலாகியிருந்தாள். சண்டை மூண்ட வருஷம் அவளிடம் படித்த பிள்ளைகளில் பாதிப்பேர் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு வரவேயில்லை.