அத்தை வீட்டு வாசலில் வசூல்

எங்கள் வீட்டில் புதன்கிழமைதோறும் கடவுள் வாழ்த்து நடக்கிறது என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தெருப் பெண்கள் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து, வலது கையை நீட்டி, "வாங்கிய கடனைத் தவறாமல் கட்டுவோம், எங்களில் ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர்கள் சேர்ந்து கட்டுவோம்" என்று ஒரே குரலில் சொல்வார்கள். எதிரே நாற்காலியில் டை கட்டிய இளைஞர் ஒருவர் தலையாட்டிக்கொண்டிருப்பார். தனியார் கடன் கம்பெனியின் ஆள். பெண்கள் அவரை வசூல் சார் என்பார்கள். பள்ளியில் ஒருநாள் டீச்சர் தெரிந்த பாட்டைப் பாடச் சொன்னபோது நான் அந்த உறுதிமொழியை ராகம் போட்டுப் பாடினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. அவரும் ஏதோ ஒரு தெருக் குழுவில் இருந்திருக்க வேண்டும்.

திருத்தணியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் எங்கள் தெரு. நைனா ஷேர் ஆட்டோ ஓட்டினார். அம்மா ரவிக்கை தைப்பாள். குழுவுக்கு அம்மாதான் தலைவி. நைனாவின் தங்கையான அத்தை தெருக்கோடியில் குடியிருந்தாள். மலையில் மொட்டை போட்டுக்கொள்பவர்களின் தலைக்குச் சந்தனம் குழைத்துப் பூசுவது அவள் பிழைப்பு. வீட்டுக்குத் தகரக் கூரை மாற்ற வேண்டும் என்று அவள் தவித்தபோது, குழுவில் சேர்த்துக் கடன் வாங்கிக் கொடுத்தது அம்மாதான்.

கொத்தனாரான மாமா, கனகம்மாசத்திரத்தில் கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். அவரைப் பார்த்துக்கொள்ள அத்தை மலைக்குப் போவது நின்றது. தவணையும் நின்றது. ஓரிரு வாரம் மற்றவர்கள் சேர்ந்து போட்டார்கள். அதற்குப் பிறகு அத்தை கூட்டத்துக்கு வரவில்லை.

வசூல் சார் கத்தவில்லை. பையை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "அவுங்க தவணை வர்ற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

வெயில் ஏறியது. ஒருத்தி விசைத்தறிக் கூடத்துக்குப் போக வேண்டும். இன்னொருத்தியின் கைக்குழந்தை பக்கத்து வீட்டில் அழுதுகொண்டிருந்தது. பள்ளிக்குப் போகாமல் தப்பித்ததில் எனக்குக் கொண்டாட்டம். பெண்களுக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபம் நாற்காலியில் இருந்தவர் பக்கம் திரும்பவில்லை.

"அவ ஒருத்தியால நாம எல்லாரும் இன்னாத்துக்கு உக்காந்துகினு கீறோம்?" என்றாள் தறிக்காரி.

அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்தவர்போல சார் எழுந்தார். "அப்போ வாங்க, அவுங்க வூட்டுக்கே போலாம்."

அத்தை வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. "தலைவி, நீங்க கூப்பிடுங்க" என்றார் சார். அம்மா கூப்பிட்டாள். அம்மாவுக்கு அப்படி ஒரு குரல் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

"கதவத் தொற! பணத்த வெச்சிட்டு மறுவேல பாரு! உன்னால எங்க மானம் போவுது!"

தெருவில் ஜன்னல்கள் திறந்தன. பிறகு அத்தையின் கதவும் திறந்தது. அத்தை அம்மாவை மட்டும் பார்த்தாள். "நீயா அண்ணி?" என்றாள்.

உள்ளே கட்டிலில் மாமா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். சார் எட்டிப் பார்த்துவிட்டு, "அந்த கேஸ் சிலிண்டரைத் தூக்கிகினு வாங்க. கட்டிட்டு வாங்கிக்கட்டும்" என்றார். அம்மா உள்ளே போனாள். உதவி செய்யலாம் என்று நானும் பின்னாலேயே ஓடினேன். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா குனிந்து சிலிண்டரில் கை வைத்தாள். கை வைத்தபடியே சற்று நேரம் நின்றாள். பிறகு நிமிர்ந்து வாசலுக்கு வந்தாள்.

"சார், நீங்களே தூக்குங்க. நாங்க தூக்க மாட்டோம்."

"தலைவி, உங்களுக்கு அடுத்த லோன் பாஸாகி கீது. யோசிச்சுப் பேசுங்க."

"எனக்கு அது வேணாம். வூடு பூந்து சாமானத் தூக்கறது யாருன்னு தெருவே பாக்கட்டும். தூக்குங்க."

அவர் தூக்கவில்லை. அவருடைய செல்போன் அடித்தது. அவ்வளவு நேரம் அதிகாரமாகப் பேசியவர், "ஆங் சார், வந்துகினு கீறேன் சார், வசூல் பண்ணிடறேன் சார்" என்று குழைந்தபடி பைக்கை எடுத்தார். அவர் ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு நெசவாளி வீட்டுப் பிள்ளை என்றும், வசூல் குறைந்தால் அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்றும் பின்னாளில் கேள்விப்பட்டேன்.

மறுநாள் அம்மா தான் கணக்கு வைத்திருந்த வங்கிக்குப் போய், அங்கிருந்த அதிகாரி அம்மாளிடம், இப்படி வீட்டுக்கு வந்து சாமான் எடுக்கலாமா என்று கேட்டாள். எடுக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, ஆட்களை உட்கார வைக்கவும் கூடாது, கலெக்டர் ஆபீசில் மனு கொடுங்கள் என்று அவர் சொன்னாராம். நைனாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை.

"கம்பெனிக்காரனப் பகைச்சிகினா நாளைக்கு ஒரு அவசரத்துக்கு எவன் குடுப்பான்?"

அம்மா தையல் இயந்திரத்தை நிறுத்தவில்லை. "குடுத்தவன் கேக்கட்டும். கேக்கறதுக்கு ஒரு மொற வேணாமா?" என்றாள்.

கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாளான திங்கட்கிழமை, அரக்கோணம் வழியாகத் திருவள்ளூருக்கு ரயிலேறினோம். தறிக்காரியும் வந்தாள். என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் நானும் போனேன். அத்தையை யாரும் வற்புறுத்தவில்லை. ரயில் புறப்படும் சமயம் அவளே வேகமாக வந்து, கடைசியில் ஏறி, எங்களுக்கு எதிர்ப்புறம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். எனக்குக் கலெக்டரைப் பார்க்கும் ஆசை. கிடைத்ததோ நீண்ட வரிசையும், அதன் முடிவில் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அதிகாரியும்தான்.

அவர் மனுவைப் படித்துவிட்டு, "கடன் வாங்கினீங்க இல்ல? கட்டத்தானே வேணும்?" என்றார். அம்மாகூடத் தடுமாறினாள். பின்னாலிருந்து அத்தை முன்னே வந்தாள்.

"கட்டறேன் சார். கட்ட மாட்டேன்னு யாரும் சொல்லல. என் கடன என்னியக் கேக்கட்டும். மரியாதையாக் கேக்கட்டும். எங்க வூட்டுக்காரரு எழுந்து நடக்கற வரைக்கும் டைம் குடுக்கட்டும். எங்க அண்ணிய விட்டு என்னியக் கேக்க வேணாம்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். மனுவை மறுபடி முதலிலிருந்து படித்தார்.

ஒரே நாளில் எதுவும் நடந்துவிடவில்லை. அம்மா திரும்பத் திரும்ப அலைந்தாள். சில பெண்கள் பயந்து விலகினார்கள். கடைசியில் திருத்தணி கோட்டாட்சியர் அலுவலகத்துக்குக் கம்பெனிக்காரர்களை வரவழைத்துப் பேசினார்கள். ஒருத்தி தவறினால் மற்றவளைப் பிடிப்பதில்லை, வீட்டுக்குள் நுழைவதில்லை, அத்தைக்குத் தவணையைக் குறைத்து அவகாசம் தருவது என்று ஒப்புக்கொண்டார்கள். அத்தை மலைக்குத் திரும்பினாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கடனை அடைத்தாள். கம்பெனி எங்கள் தெருவுக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தியது. அம்மா வாங்க நினைத்திருந்த மோட்டார் வைத்த தையல் இயந்திரம் வரவே இல்லை. ஆனால் விஷயம் கேள்விப்பட்டு வேறு ஊர்ப் பெண்கள் தேடி வந்தார்கள். அம்மா அவர்களோடு பஸ் ஏறினாள். வலுக்கட்டாய வசூலுக்கு எதிராகச் சட்டம் வந்திருக்கும் இன்றைக்கும், திங்கட்கிழமைகளில் அவளை வீட்டில் பார்ப்பது கடினம்.

அந்த வருடம் தீபாவளிக்கு அத்தை அதிரசம் சுட்டாள். எங்கள் வாசல் வரை வந்து, என்னைக் கூப்பிட்டு, டப்பாவைக் கையில் கொடுத்தாள். "உள்ள வா அத்தை" என்றேன். "வேல கீது கண்ணு" என்று போய்விட்டாள். அம்மா அதிரசத்தை எடுத்து வைத்துவிட்டு, டப்பாவைக் கழுவித் துடைத்து, முறுக்கு நிரப்பி, அத்தை வீட்டில் கொடுத்துவரச் சொன்னாள். "நீயே போயேன்" என்றேன். "நீ போ" என்றாள். பொங்கலுக்கும் அப்படியே நடந்தது, ஆடிக் கிருத்திகைக்கும் அப்படியே. பிரச்சினைதான் தீர்ந்துவிட்டதே, இரண்டு பேருக்கும் ஒரு தெருவை நடந்து கடக்க இத்தனை சோம்பலா என்று அலுத்துக்கொண்டே, டப்பாவும் கையுமாக நான் போய்வந்துகொண்டிருந்தேன்.