அண்ணாச்சி அட்டையும் ஒரே நடையும்

என் வீட்டுக்காரருக்கு ஒரு வேலைக்காக ஒரு நடை போவதென்றால் உடம்பே கூசும். வடகரப்பதியிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு வண்டியை எடுக்க வேண்டுமானால், உரமும் வாங்க வேண்டும், கிருஷி பவன் என்கிற விவசாய ஆபீசில் ஆளையும் பார்க்க வேண்டும், மோட்டாருக்கு வாஷரும் வாங்க வேண்டும், போகிற வழியில் அவருடைய அத்தை வீட்டில் முருங்கைக்காயும் கொடுக்க வேண்டும். இத்தனையும் சேரும்வரை வண்டி கொட்டகையில்தான் நிற்கும். அதற்குள் மோட்டார் ஒழுகி வாழை வாடினாலும் மனுஷர் அசைய மாட்டார். சிக்கனம் என்பார். பிடிவாதம் என்பேன் நான்.

கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கும்போது பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் நாங்கள். அவருக்குத் தோப்பும் நிலக்கடலைக் காடும் அங்கே. எனக்கு வேலை இங்கே, மூணாறு மலையில் சூரியநெல்லிப் பக்கம் ஒரு ரிசார்ட்டின் ரிசப்ஷனில். அம்மா இன்னும் தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். அவளோடுதான் எஸ்டேட் லயத்து வீட்டில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற முதல் ஆள் நான்தான். பொய் சொல்வானேன், அந்த நாற்காலி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. அன்று மத்தியானம் அவர் அங்கே ஒரு செல்போனைச் சாய்த்து வைப்பார், நான் இங்கே ஒன்றைச் சாய்த்து வைப்பேன், வீடியோ காலில் சீட்டு ஆடுவோம். ரம்மி இல்லை. காலேஜில் கற்றுக்கொண்ட ஆட்டம். வருங்காலத்து நகரம் ஒன்று, எப்போதும் மழை, எங்கு பார்த்தாலும் நியான் விளக்கு. ஒருவர் பெரிய கம்பெனி, இன்னொருவர் அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள் புகுந்து திருடுகிற ஹேக்கர். கம்பெனி தன் திட்டங்களை முடிப்பதற்குள் ஹேக்கர் வேண்டிய கருவிகளை வாங்கி இறக்கி உள்ளே நுழைந்துவிட வேண்டும். அட்டைகளை ஜெராக்ஸ் எடுத்து வெட்டி ஆளுக்கு ஒரு கட்டு வைத்திருக்கிறோம். காசுக்கு அவர் மக்காச்சோள மணிகளை வைத்துக்கொள்வார். நான் ரிசப்ஷனில் விருந்தாளிகளுக்கு வைக்கிற மிட்டாயை வைத்துக்கொள்வேன். நடு ஆட்டத்தில் ரெண்டு காசைத் தின்றுவிட்டு அசடு வழிவதும் உண்டு.

ஹேக்கரின் கட்டில் ஓர் அட்டை உண்டு. இரும்புக் கை, ஒரு கண்ணுக்குப் பதில் கேமரா, முன்னால் உடைந்த சாமான்களின் குவியல். பழைய சாமான் கடைக்காரன். நான் அவனை அண்ணாச்சி என்பேன். அண்ணாச்சியை இறக்க மூன்று காசு. இறக்கிய சுற்றில் அவரால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதற்குப் பிறகு, ஒவ்வொரு சுற்றிலும் வாங்குகிற முதல் கருவிக்கு மட்டும் இரண்டு காசு குறைப்பார். அதே சுற்றில் இரண்டாவது கருவி வாங்கினால் முழு விலைதான். ஆகவே அவரை முதல் சுற்றிலேயே இறக்கிவிட்டு, சுற்றுக்கு ஒரு கருவியாக நிதானமாக வாங்க வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம்.

என் வீட்டுக்காரருக்கு இது ஏறவே ஏறாது. அண்ணாச்சி முதலிலேயே கைக்கு வந்தாலும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருப்பார். கருவிகள் மூன்று நான்கு சேர வேண்டும், மக்காச்சோளம் குவிய வேண்டும், அப்புறம் அண்ணாச்சியையும் கருவிகளையும் ஒரே சுற்றில் கடகடவென்று இறக்குவார். தள்ளுபடி ஒன்றுக்குக்கூடக் கிடைக்காது. அதற்குள் என் கம்பெனி பாதித் திட்டத்தை முடித்திருக்கும். தோற்றுவிட்டு, "ஒரே நடையில முடிச்சுட்டேன் பாத்தியா" என்று பெருமை வேறு. எனக்குச் சிரிப்பும் வரும், பற்றிக்கொண்டும் வரும். நானும் லேசுப்பட்டவளில்லை. நான் ஹேக்கரானால், அண்ணாச்சி குறைத்துக் கொடுக்கிறாரே என்று வேண்டாத கருவியையெல்லாம் வாங்கி அடுக்குவேன். ஆடித் தள்ளுபடிக்குப் போனவள் மாதிரி என்று அவர் கிண்டல் செய்வார். அதிலும் நியாயம் உண்டு.

கல்யாணமாகி இரண்டாவது மழைக்காலம் அது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, ரிசப்ஷன் முழுவதையும் நீ பார்த்துக்கொள், ஆனால் இன்னும் இரண்டு வருஷம் இருப்பேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும் என்றார். மாசக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம். என்ன சொல்வேன்? மனுஷர் மலைக்கு வந்தே மாசக்கணக்காகிறது. கேட்டால், கடலை எடுத்துவிட்டு நாலு நாள் சேர்ந்தாற்போல் வருகிறேன் என்பார். கடலை முடிந்தால் தேங்காய், தேங்காய் முடிந்தால் வாழை. இப்படி இரண்டு வருஷம் என்னால் முடியாது. நாற்காலியா, மனுஷரா என்று முடிவுக்கு வர முடியவில்லை. மேனேஜர் கேட்டதைப் பற்றி அவரிடம் வாய் திறக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் அவர்தான் ஹேக்கர். ஆட்டம் முடிந்தது, வழக்கம்போல் தோல்வி. கையில் மிச்சமிருந்த அட்டைகளைக் காட்டச் சொன்னேன். அண்ணாச்சி கையிலேயே இருந்தார், பக்கத்தில் மூன்று கருவிகள், முன்னால் மக்காச்சோளக் குவியல். அந்த அட்டை முதல் சுற்றிலேயே வந்ததாம். இன்னும் ஒரு கருவி சேரட்டும் என்று இருந்தாராம். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"ஏங்க, நாலு நாளு சேந்தாத்தான் வருவீங்களா? அது சேரவே சேராது. ஒரு நாளு வாங்க. வந்து ஒரு வேள சோறு தின்னுட்டுப் போங்க."

அவர் திகைத்துப் போனார். "போக வர ரோட்டுலயே நாள் போயிரும் அம்மிணி. மூணு மணி நேரம் இருக்கறதுக்கா அத்தன தூரம்? நட்டமில்லியா?"

"அண்ணாச்சிய எறக்குனாலும் மொதச் சுத்துல நட்டந்தான்," என்றேன்.

அவர் அண்ணாச்சி அட்டையைக் கட்டுக்குள் செருகினார். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அந்த வாரம் முழுக்க எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அம்மாகூட என் பக்கம் வரப் பயந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மேட்டில் மனுஷர் ஏறி வருகிறார். விடியுமுன் கிளம்பி, பொள்ளாச்சி, உடுமலை, மூணாறு என்று பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். வழியில் ஆனை நின்றதால் இன்னும் தாமதம். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப் போனார். வாய் பிளந்து, குறட்டை வேறு. இருந்ததே கொஞ்ச நேரம், அதில் பாதி தூக்கத்தில் போயிற்று. ஆச்சரியம், எனக்குக் கோபமே வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா!

எழுப்பி, பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு நடந்தேன். வழியில்தான் மேனேஜர் கேட்டதைச் சொன்னேன். இரண்டு வருஷம் என்றதும் நின்றார். மறுபடி நடந்தார். பஸ் வந்து ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"இருக்கேன்னு சொல்லிரு அம்மிணி. நான் வாரேன். வந்து தூங்கிட்டாச்சும் போறேன்."

பஸ் திரும்பி மறைகிறவரை நின்றேன். மறுநாள் காலையில் மேனேஜரிடம், இருக்கிறேன் என்று சொன்னேன்.