காலி அட்டை

இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் வயிறு கட்டிக்கொள்ளும் என்று எல்லாருக்கும் தெரியும். வயிறு கட்டிக்கொண்டவளுக்கு பாத்ரூமில் எவ்வளவு நேரம் ஆகும் என்பது மட்டும் எங்கள் கம்பெனியில் யாருக்கும் தெரியாது. ஒரகடத்தில், காருக்கு வயர் கட்டும் லைனில் நின்றுகொண்டிருந்தேன். என் இடத்தில் நிற்க ஆள் வந்தால்தான் நகர முடியும். ஏழாம் மாதத்தில் ஒருநாள் போய்விட்டுத் திரும்பியபோது சூப்பர்வைசர், "இன்னாமா, உள்ளயே பெத்துக்கினு வந்துட்டியா?" என்றார். லைனே சிரித்தது. மானங்கெட்டு நானும் சிரித்தேன். அன்றோடு மாத்திரையை நிறுத்தினேன்.

நிறுத்துவதாகக்கூட நினைக்கவில்லை. காண்ட்ராக்ட் வேலை, எட்டாம் மாதம் முடிந்ததும் எப்படியும் நிற்கச் சொல்வார்கள். அப்போது வீட்டில் உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொள்ளலாம், அதுவரை சேர்த்து வைப்போம் என்று நினைத்தேன். சத்தை உண்டியலில் போட்டு வைக்கலாம் என்று நினைத்த புத்தி என் புத்தி.

அதே நாட்களில்தான் டயாப்பர் பைத்தியம் பிடித்தது. கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் அதையே படித்தேன். வாலாஜாபாத் கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்றேன். வாசனை போடாததாக இருக்க வேண்டும், தொடையை அறுக்காத ரப்பராக இருக்க வேண்டும், ஈரமானால் நிறம் மாறும் கோடு இருக்க வேண்டும். கடைக்காரர் கடைசியில், "ஏம்மா, நீயா கட்டிக்கப் போற?" என்றார். பிறக்காத பிள்ளையின் தோல் சிவந்துவிடக் கூடாது என்று அவ்வளவு கவலை. அதன் ரத்தத்தைப் பற்றிக் கவலையில்லை. கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கின கதைதான்.

வீட்டில் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, பிடிக்கவில்லை. "பொறக்காத புள்ளைக்கு எதுவும் வாங்கி வெக்கக் கூடாது. என் பழைய பொடவ கீது, கிழிச்சா முடிஞ்சுது" என்றார். வாங்கி வந்த டயாப்பர் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று பொய் சொல்லி, பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். அதற்குள்தான் மாத்திரைகளையும் போட்டேன். மாதாமாதம் வரும் ஊர் நர்ஸ் மாத்திரை தீர்ந்த காலி அட்டையைக் காட்டச் சொல்வார். அதற்காக தினமும் ஒரு மாத்திரையைப் பிதுக்கி, வாய்க்குப் பதில் பாக்கெட்டுக்குள் போட்டேன்.

நர்ஸ் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "மாத்திர உள்ள போவுது, ரத்தம் மட்டும் ஏற மாட்டேங்குதே? மாத்திர போட்டதும் டீ குடிக்கிறியா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அடுத்த தடவையும் ஏறாவிட்டால் ஊசி போட பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லிப் போனார்.

அந்த அடுத்த தடவை வரவேயில்லை. எட்டாம் மாதம் முடியுமுன், வல்லக்கோட்டை அருகே பஸ்ஸில் பனிக்குடம் உடைந்தது. அன்று மாலையே பெண் குழந்தை. இரண்டு கிலோகூட இல்லை. அவளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். எனக்கு ரத்தம் ஏற்றினார்கள்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அத்தை முந்திக்கொண்டார். "ஒரு நாள் தவறல டாக்டரம்மா. அட்டையெல்லாம் நானே பாத்தேன்." ரத்தம் குறைந்ததால்தான் இப்படி ஆனது என்று டாக்டர் சொல்லவில்லை. பல காரணங்கள் இருக்கலாம் என்றார். அந்தப் பலவற்றில் ஒன்று எனக்குத் தெரியும்.

மறுநாள் வார்டு நர்ஸ் சின்ன டயாப்பர் கேட்டார். பாக்கெட் பீரோவில்தான் இருக்கிறது என்று அத்தையிடம் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை, உடனே கிளம்பிவிட்டார். அவர் போன பிறகுதான் அதற்குள் இன்னும் என்ன இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. எழுந்து ஓடக்கூடத் தெம்பில்லை. சாயங்காலம்வரை வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

பாக்கெட்டை அவர் கொண்டுவரவில்லை. நாலே நாலு டயாப்பரைச் சுத்தமான துணியில் சுற்றி எடுத்துவந்தார். அவர் விரல் நுனிகளில் மாத்திரையின் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது. கடையிலேயே மிகச் சின்ன அளவு அது. குழந்தைக்கு நெஞ்சுவரை ஏறி நின்றது; இடுப்பை ஒரு சுற்றுச் சுற்றியும் மிச்சமிருந்தது.

அடுத்த நாள் டாக்டரம்மா ஃபைலில் எழுதிக்கொண்டே மறுபடி கேட்டார். அத்தை என் பக்கம் திரும்பவில்லை. "சாப்டா டாக்டரம்மா. நான்தான் பாத்தேனே" என்றார்.

அதைப் பற்றி அத்தை இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது தொலைத்திருப்பேன். வீட்டுக்கு வந்தபின்னும் மாத்திரை உண்டு. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அத்தை ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் தண்ணீருமாக வந்து நிற்கிறார். விழுங்குகிறேன். "இப்ப வாயத் தொற" என்கிறார். திறக்கிறேன். நாக்கையும் தூக்கிக் காட்டுகிறேன். நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் குழந்தையைத் தூக்கி என் மடியில் போடுகிறார்.