சுளுக்கு டாக்டரும் ஊதாக் கட்டமும்

நான் காலை முன்னே நீட்டிக்கொண்டு பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவினால் சுளுக்கு விட்டுவிடும் என்பதில் எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆகவே ஒன்பது வயதிலேயே எனக்கு ஒரு தொழில் அமைந்துவிட்டது. காப்பிப் பழம் பறித்து முதுகு பிடித்துக்கொண்டவர்கள் எங்கள் வாசலில் குப்புறப் படுப்பார்கள். விளக்கெண்ணெய் தொட்டு, இடது காலால் மூன்று முறை நீவுவேன். கூலி ஓர் ஆரஞ்சு. எனக்கிருந்த மிடுக்கு கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டருக்குக்கூடக் கிடையாது.

ஒருநாள் காலையில் ஐந்து வயதுத் தம்பிக்கு உடம்பு கொதித்தது. கழுத்து விறைத்துவிட்டது. முந்தின நாள் அவன் கொய்யாமரத்தில் தொங்கியதைப் பார்த்திருந்த பெரியப்பா, “சுளுக்குதான் அம்மிணி. ஊட்டுலயே டாக்டர் இருக்கறப்ப என்ன கவலை?” என்று அம்மாவிடம் என்னைக் காட்டினார்.

நான் கெத்தாக வந்து நீவினேன். தம்பி வீறிட்டான். பிறகு வீறிடவும் தெம்பில்லாமல் கண்ணை மூடிக்கொண்டான். என் தொழிலில் இப்படி ஓர் அவமானம் நேர்ந்ததே இல்லை. பக்கத்து வீட்டார் வேறு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சாயங்காலம் வரைக்கும் பொறும்மா, வுட்டுரும்,” என்றேன்.

அம்மா பொறுக்கவில்லை. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஜீப்பைப் பிடிக்க ஓடினாள். நானும் கடுகடுவென்று பின்னால் ஏறிக்கொண்டேன்.

ஏற்காட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டாக்டரம்மா தம்பியின் தலையைத் தூக்கி, முகவாய் நெஞ்சைத் தொடுகிறதா என்று பார்த்தார். தொடவில்லை.

“மூளைக்காய்ச்சலா இருக்கலாமுங்க. கழுத்தெல்லாம் எண்ணெயா இருக்குதே, யாருங்க நீவினது?”

நான் பெருமையாக வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். “நாந்தானுங்க. சுளுக்குன்னு நெனச்சுட்டேனுங்க.”

என் வைத்தியத்தைத் தன் பெயரில் சொல்லிக்கொண்டாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டரம்மா திரைக்குப் பின்னால் அவன் முதுகுத்தண்டில் ஊசி போட்டு, கொஞ்சம் நீர் எடுத்து வந்தார். அது அரிசி கழுவிய தண்ணீராகக் கலங்கியிருந்தது. “சேலத்துக்கு அனுப்பினா ரிசல்ட் வர நேரமாகும். இதுல ரெண்டே நிமிசம்,” என்று டப்பாவிலிருந்து வண்ணக் கட்டங்கள் ஒட்டிய ஒரு கீற்றை எடுத்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரியப்பா ஒண்ணுக்கில் நனைத்துச் சர்க்கரை பார்க்கிற கீற்று!

“அம்மா, அது ஒண்ணுக்குக் காயிதம்!” என்று கத்தினேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

“அதேதான் கண்ணு,” என்றார் டாக்டரம்மா, கீற்றிலிருந்து கண்ணெடுக்காமல். ஒரு கட்டம் ஊதாவாக மாறியது. “சீழ் இருக்குதுங்க.” மளமளவென்று மருந்து ஏற்றி, ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். அப்புறம் அம்மாவை எல்லார் முன்னாலும் பிடிபிடியென்று பிடித்தார். “இன்னும் சாயங்காலம் வரைக்கும் நீவிட்டு இருந்திருந்தீங்கன்னா புள்ளை தங்கியிருக்க மாட்டானுங்க!” அம்மா தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள்.

சேலத்திலிருந்து திரும்பிய தம்பி கொஞ்ச நாளில் மறுபடி கொய்யாமரம் ஏறினான். என் நீவல்தான் தாமதமாகப் பலித்தது என்று லைன் முழுக்கச் சொல்லி வைத்தேன். பெரியப்பாவும் ஆமாம் போட்டார். அம்மா மறுக்கவில்லை, ஆனால் அதன்பின் யாரையும் வாசலில் படுக்க விடவில்லை.

ஒரு துண்டுக் காகிதத்தை நம்பி, பெற்ற மகளின் தொழிலைக் கெடுத்துவிட்டாள் என்று மாதக்கணக்கில் அவளிடம் முகம்கொடுத்துப் பேசாமல் இருந்தேன். நான் பொறுக்கச் சொன்ன சாயங்காலத்துக்கான திட்டைத்தான் அன்றைக்கு அவள் தன் பெயரில் வாங்கிக்கொண்டாள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.